பெட்டியைத் திறந்த பிறகு முளைக்கும் வேலைகள்: ஜாவாவில் எந்த வழி?

மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டு. துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வரும் பெட்டிகளைச் சுங்க வேலை முடியும்வரை வைத்திருந்து, சரக்கைப் பிரித்து உரியவரிடம் அனுப்பும் இடம். அங்கே ஓடும் மென்பொருளை எழுதும் சின்னக் குழுவில் நானும் இருக்கிறேன். எங்கள் கணக்கில் ஒரு பெட்டியின் பயணம் ஐந்து கட்டங்கள்: கேட் இன், சர்வே, சுங்கச் சோதனை, சரக்கு இறக்குதல், கேட் அவுட். இந்த ஐந்தையும் பிபிஎம்என் (வேலை ஓட்டத்தை வரையும் பொது முறை) படமாக வரைந்து, அந்தப் படத்தை அப்படியே இயக்கும் கமுண்டா 7 எஞ்சினில் ஓட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆள் தன் போனில் வேலையைப் பார்த்து, எடுத்து, முடிப்பார்.

படத்தில் இருக்கும் ஐந்து வேலைகளால் எங்களுக்கு ஒருநாளும் தொல்லை இல்லை. கதவைத் திறந்த பிறகு முளைக்கும் வேலைகள்தான் பாடாய்ப்படுத்தின. மழைக்காலத்தில் ஒரு பெட்டியைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வேயர் உள்ளே ஏறி, வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்கிறார். இருட்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரைத் தகட்டில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம். அதற்கு நேர் கீழே அட்டைப்பெட்டிகள் ஊறிப்போய் இருக்கின்றன. உடனே நான்கு வேலைகள் பிறக்கின்றன. சேதத்தைப் படம் எடுக்க வேண்டும், நனைந்ததைத் தனியாக அடுக்க வேண்டும், காப்பீட்டு சர்வேயருக்குச் சொல்ல வேண்டும், ஓட்டையை அடைக்க ஆள் அனுப்ப வேண்டும். காலையில் இந்த நான்கும் யாருக்கும் தெரியாது. அடுத்த பெட்டியில் ஒன்றுமே இருக்காது. அதற்கடுத்ததில் ஏழு இருக்கும்.

அப்படியானால் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜாவா கோடிலிருந்து மனிதர்களுக்கான வேலைகளை உருவாக்க வேண்டும். அதற்கு ஐந்து வழிகள் இருக்கின்றன. நாங்கள் நான்கைச் செய்து பார்த்தோம். மிச்சம் ஒன்றைச் சோதனைக் கணினியோடு நிறுத்திக்கொண்டோம். இதே முடிவை எடுக்க வேண்டிய இன்னொரு குழுவுக்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் எடுப்பது, எந்தப் படத்தோடும் சேராத தனி டாஸ்க் (வேலை) வழிதான், நாங்களும் அதைத்தான் எடுத்தோம். டாஸ்க் சர்வீஸில் நியூடாஸ்க் என்று அழைத்தால் ஒரு வெற்று டாஸ்க் கிடைக்கும். பெயர், கெடு தேதி, யாருக்கு என்பதையெல்லாம் நிரப்பி சேவ்டாஸ்க் கொடுத்தால் முடிந்தது. ஒரு குழுவுக்குப் போக வேண்டுமென்றால் ஆட் கேண்டிடேட் குரூப் என்று இன்னொரு வரி. ஃப்ளோவபிள் என்ற இன்னொரு எஞ்சினில் இதற்குக் கிரியேட் டாஸ்க் பில்டர் என்று இன்னும் வசதியான உருவம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் டெமோ காட்டிவிடலாம். நாங்களும் காட்டினோம். யார்டு சூப்பர்வைசரின் போனில் புது வேலை வந்து விழுந்தபோது அவருக்கு இருந்த சந்தோஷம் எங்களுக்கும் இருந்தது.

ஆனால் அந்த டாஸ்க் எந்தப் பெட்டிக்கானது என்பது எஞ்சினுக்குத் தெரியாது. கமுண்டா 7-இன் டாஸ்க் இடைமுகத்தில் பெயர் வைக்க வழி இருக்கிறது, தாய் டாஸ்க் எது என்று சொல்ல வழி இருக்கிறது, கேஸ் எண் கொடுக்கக்கூட வழி இருக்கிறது. ஒரு பெட்டிக்காக ஓடும் படத்தின் அடையாளமான புராசஸ் இன்ஸ்டன்ஸ் எண்ணைக் கொடுக்க மட்டும் வழி இல்லை. அதனால் ஒரு பெட்டியின் புராசஸ் எண்ணைக் கொடுத்து, அதற்கு மிச்சமிருக்கும் வேலைகள் என்னென்ன என்று கேட்டால், இந்த டாஸ்க்குகள் பட்டியலில் வராது. வேண்டுமானால் பெட்டியின் அடையாளத்தை டாஸ்க் வேரியபிளாக வைத்துத் தேடிக்கொள்ளலாம். படத்தில் நாம் வைத்த டாஸ்க் லிசனர்களும் (டாஸ்க் பிறக்கும்போதும் முடியும்போதும் தானாக ஓடும் கோடு) இதற்கு ஓடாது, ஏனென்றால் இந்த டாஸ்க் படத்தில் இருந்து பிறக்கவில்லை. கெடு தேதி வெறும் தேதியாகவே நிற்கும். அது தாண்டினால் மேலதிகாரிக்குச் சொல்லும் டைமரை நாம்தான் எழுத வேண்டும். கமுண்டா 7-இல் ஃபார்ம் கீயையும் வைக்க முடியாது என்பதால், எந்தத் திரையைத் திறப்பது என்ற முடிவும் நம் தலையில்.

இதெல்லாம் தெரிந்தும், தாய் டாஸ்க் என்ற வசதியை நம்பி இறங்கினோம். சர்வே டாஸ்க்கைத் தாயாக வைத்து, முளைக்கும் வேலைகளைப் பிள்ளைகளாகத் தொங்கவிட்டோம். பிள்ளைகள் முடியாமல் தாய் முடியாது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். ஒருநாள் மாலை சூப்பர்வைசர் அண்ணன் போன் செய்தார்.

“தம்பி, காலையில என் லிஸ்ட்ல மூணு வேலை இருந்துச்சு. இப்ப ஒண்ணுதான் நிக்குது. மத்த ரெண்ட நான் முடிக்கவே இல்லையே.”

“வேற யாராவது எடுத்து முடிச்சிருப்பாங்களாண்ணே?”

“யாரும் முடிக்கல. பெட்டி கேட்டைத் தாண்டிப் போயிடுச்சு. படம் ஒண்ணுகூட எடுக்கல.”

நடந்தது இதுதான். சர்வேயர் தன் சர்வே டாஸ்க்கை முடித்துவிட்டார். எஞ்சின் தாயை முடித்தபோது, அதன் கீழே திறந்து கிடந்த பிள்ளை டாஸ்க்குகளையும் சேர்த்தே துடைத்துவிட்டது. பிள்ளைகளுக்காகத் தாய் காத்திருக்கும் என்று எஞ்சின் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை; அது எங்கள் கற்பனை. வரலாற்று டேபிளில் பார்த்தால் அந்த இரண்டுக்கும் முடிவு நேரம் பதிவாகியிருந்தது. ரிப்போர்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோலத் தெரியும். சேதத்தின் படம் இல்லாமல் பெட்டி போனால், ஓட்டை எங்கே விழுந்தது என்று பிறகு யாரும் நிரூபிக்க முடியாது. கப்பலிலா, துறைமுகத்திலா, நம் யார்டிலா என்று வழக்கு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம்தான் சரியான கேள்வி பிடிபட்டது. எந்த ஏபிஐ வசதியானது என்று பார்ப்பதை விட்டோம். இந்த வேலை முடியும்வரை யார் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். சேதப் படத்துக்காகக் கேட் அவுட் காத்திருக்க வேண்டும். நான்காம் வரிசையில் விளக்கு எரியவில்லை என்ற வேலைக்காக எந்தப் பெட்டியும் காத்திருக்க வேண்டாம். முதல் வகையைப் பிபிஎம்என் படத்துக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டும். இரண்டாவது வகைக்குத் தனி டாஸ்க் போதும். இன்றும் அதற்கு அதைத்தான் வைத்திருக்கிறோம்.

காத்திருக்க வேண்டிய வேலைகளிலும் இரண்டு வகை உண்டு. பெட்டி உள்ளே வரும்போதே ஆவணங்களைப் பார்த்துப் பட்டியல் போட முடிகிறவை ஒன்று. குளிரூட்டும் ரீஃபர் பெட்டி என்றால் பிளக் போட வேண்டும், வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். ஆபத்தான சரக்கு என்றால் தீயணைப்புச் சோதனை வேண்டும். இதற்கு இரண்டாவது வழியான பேரலல் மல்டி இன்ஸ்டன்ஸ் கச்சிதமாகப் பொருந்தும். ஒரே ஒரு யூசர் டாஸ்க்கை (மனிதர் செய்யும் வேலை) வரைந்து, அதற்கு ஒரு பட்டியலைக் கொடுத்தால், பட்டியலில் எத்தனை உருப்படியோ அத்தனை டாஸ்க் பிறக்கும். எல்லாம் முடிந்தால்தான் அடுத்த கட்டம். பட்டியலைத் தயாரிக்க ஜாவாவில் இஃப் எல்ஸ் எழுத வேண்டாம், ஒரு டிஎம்என் முடிவு அட்டவணையைக் கலெக்ட் முறையில் வைத்தால் பொருந்தும் வரிகள் எல்லாம் சேர்ந்து வரும். யார்டு மேலாளர் “இனிமேல் மருந்துச் சரக்குக்கு இன்னொரு சோதனை” என்றால் அட்டவணையில் ஒரு வரி சேர்த்து டிப்ளாய் செய்வதோடு சரி. எங்கள் அமைப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஜாவா கோடைத் தொடாமல் வேலைகள் மாறுகின்றன.

மல்டி இன்ஸ்டன்ஸில் இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது, எத்தனை டாஸ்க் என்ற கணக்கு உள்ளே நுழையும் நொடியிலேயே முடிந்துவிடும். பிறகு பட்டியல் வேரியபிளில் நீங்கள் என்ன சேர்த்தாலும் புது டாஸ்க் வராது. ஃப்ளோவபிளில் ஆட் மல்டி இன்ஸ்டன்ஸ் எக்ஸிக்யூஷன் என்ற அழைப்பால் கூடுதலாக ஒன்றைச் சேர்க்கலாம். கமுண்டா 7-இல் புராசஸ் இன்ஸ்டன்ஸ் மாடிஃபிகேஷன் மூலம் அதே காரியத்தைச் செய்யலாம். ஆனால் மாடிஃபிகேஷன் பழுது பார்க்கும் கருவி. அன்றாட வேலைக்கு அதை எடுத்தால், படத்தில் ஒரு ஐடி மாறிய நாளில் உங்கள் ஜாவா கோடு உடையும். இரண்டாவது, இரண்டு பேர் ஒரே நொடியில் முடித்தால் ஒருவருக்கு ஆப்டிமிஸ்டிக் லாக்கிங் எக்ஸெப்ஷன் (ஒரே பதிவை இருவர் மாற்ற முயன்றதால் வரும் பிழை) வரும். வெயிலில் நின்று பட்டனை அழுத்தியவருக்குத் திரையில் சிவப்பு எழுத்து. மல்டி இன்ஸ்டன்ஸின் உள் டாஸ்க்குக்கு அசிங்க் ஆஃப்டர் வைத்தால் முடித்தவருக்கு உடனே பதில் போய்விடும். சேர்க்கும் வேலையை எஞ்சினின் பின்னணியில் ஓடும் ஜாப் எக்ஸிக்யூட்டர் வரிசையாகச் செய்துகொள்ளும், மோதினால் தானே மறுபடி முயலும். அதை வைத்தபிறகு அந்தப் புகார் நின்றது.

இரண்டாவது வகைதான் நான் முதலில் சொன்ன ஓட்டைக் கூரை. முன்கூட்டிப் பட்டியலே போட முடியாதவை. இதற்கு நாங்கள் கடைசியாக வந்து சேர்ந்த வழியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மூன்றாவது வழி இதுதான்: பிபிஎம்என்னில் ஈவென்ட் சப்புராசஸ் என்று ஒன்று இருக்கிறது. புள்ளிக்கோட்டுப் பெட்டியாக வரைவார்கள். அதன் தொடக்கத்தில் ஒரு மெசேஜை வைத்து, இடைமறிக்காத வகை என்று குறித்தால், அந்த மெசேஜ் வரும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் யூசர் டாஸ்க் புதிதாகப் பிறக்கும். மூலப் பாதை தன்பாட்டுக்கு ஓடும். சர்வேயர் போனில் “வேலை சேர்” என்று அழுத்தினால், ஜாவா பக்கம் நடப்பது கிரியேட் மெசேஜ் கோரிலேஷன், பிசினஸ் கீ (எந்தப் புராசஸ் என்று கண்டுபிடிக்க நாம் கொடுக்கும் எண்), கோரிலேட் என்று ஒரே சங்கிலி. மூன்று முறை அழுத்தினால் மூன்று டாஸ்க். இவை படத்திலிருந்து பிறந்தவை என்பதால் ஃபார்ம் கீ இருக்கிறது, லிசனர் ஓடுகிறது, கெடு தாண்டினால் கத்தும் டைமரை டாஸ்க்கின் ஓரத்திலேயே ஒட்டிவைக்க முடிகிறது. புராசஸ் எண்ணை வைத்துத் தேடினால் எல்லாம் கிடைக்கின்றன.

ஆனால் இதை எங்கே வரைகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. முழுப் புராசஸின் மட்டத்தில் வரைந்தால், கூடுதல் வேலைகள் முடியும்வரை புராசஸ் முடியாது என்பது உண்மைதான். ஆனால் மூலப் பாதை கேட் அவுட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பெட்டி போனபிறகு புராசஸ் காத்திருந்து என்ன பயன்? அதனால் சர்வே முதல் சரக்கு இறக்குதல் வரை உள்ளதை “யார்டுக்குள்” என்ற ஒரு சாதாரண சப்புராசஸுக்குள் போட்டோம். ஈவென்ட் சப்புராசஸையும் அதற்கு உள்ளேயே வைத்தோம். கேட் அவுட் வெளியே. இப்போது உள்ளே ஒரு படம் எடுக்கும் வேலை பாக்கி இருந்தாலும் “யார்டுக்குள்” முடியாது, கேட் அவுட் டாஸ்க் பிறக்கவே பிறக்காது. சூப்பர்வைசர் அண்ணன் கேட்டிலேயே பெட்டியை நிறுத்திவைக்க எங்களிடம் தனி செக் எதுவும் இல்லை. பிபிஎம்என் படமே நிறுத்துகிறது.

இதில் நாங்கள் ஒரு வாரம் தேடிய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மெசேஜோடு அனுப்பும் வேரியபிள்கள் புராசஸ் மட்டத்தில் போய் உட்காரும். முதல் மெசேஜில் வேலைக்குறிப்பு “கூரை ஓட்டை, வலது மூலை”. இரண்டாவதில் “கதவு ரப்பர் கிழிசல்”. டாஸ்க்கின் பெயரில் அந்த வேரியபிளை வைத்திருந்தோம். பெயர் பிறக்கும்போதே கணக்கிடப்படுவதால் பட்டியலில் இரண்டும் சரியாகத் தெரிந்தன. ஆனால் எந்த டாஸ்க்கைத் திறந்தாலும் உள்ளே “கதவு ரப்பர் கிழிசல்” என்றே வந்தது, ஏனென்றால் இரண்டாவது மெசேஜ் முதலாவதன் குறிப்பை மேலெழுதிவிட்டது. யூசர் டாஸ்க்கில் ஒரு இன்புட் பாராமீட்டர் வைத்து, பிறக்கும்போதே குறிப்பை டாஸ்க்கின் சொந்த வேரியபிளாக நகல் எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. படத்தில் ஒரே ஒரு வரி.

இன்னொன்று, “யார்டுக்குள்” முடிந்தபிறகு யாராவது வேலை சேர்க்கப் பார்த்தால் மெசேஜ் பொருந்தவில்லை என்று எக்ஸெப்ஷன் வரும். அதைப் பிடித்து “பெட்டி யார்டு வேலையை முடித்துவிட்டது, மறுபடி திறக்க மேலாளரிடம் கேளுங்கள்” என்று தமிழில் காட்டுகிறோம். இதைப் பிழையாக நான் நினைக்கவில்லை, அந்த நேரத்தில் அதுதான் சரியான பதில்.

பிசினஸ் கீ பற்றியும் ஒரு வார்த்தை. கன்டெய்னர் எண்ணையே கீயாக வைக்க ஆசை வரும். நான்கு எழுத்து, ஏழு இலக்கம், உலகம் முழுக்கத் தனித்த எண் அது. ஆனால் அதே பெட்டி அடுத்த மாதம் வேறொருவர் சரக்கோடு திரும்ப வரும். நம் கணக்கு பெட்டியின் ஒரு வருகைக்கானது. கேட் இன் போடும்போது பிறக்கும் வருகை எண்தான் கீயாக இருக்க வேண்டும்.

நான்காவது வழி, படத்தையே ஜாவாவில் கட்டுவது. கமுண்டாவின் ஃப்ளூயன்ட் பில்டரில் ஸ்டார்ட் ஈவென்ட், யூசர் டாஸ்க், எண்ட் ஈவென்ட் என்று சங்கிலியாக எழுதி, ஆட் மாடல் இன்ஸ்டன்ஸ் மூலம் டிப்ளாய் செய்துவிடலாம். சோதனைக் கணினியில் செய்து பார்த்தோம், ஓடியது. பெட்டிக்கு ஒரு படம் என்று போனால் டெஃபினிஷன் டேபிளும் பைட்அரே டேபிளும் ஊதிக்கொண்டே போகும். ஒரு மாற்றம் வந்தால் எந்தப் படத்தைத் திருத்துவது? வாடிக்கையாளர் தானே தன் நடைமுறையை வரைந்துகொள்ளும் பொருளை விற்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குத் தேவை. எங்களைப் போன்ற இடத்துக்கு வேண்டாம்.

ஐந்தாவது வழி, எஞ்சினே வேண்டாம் என்று சொந்த டேபிள். இதை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு, நான் அப்படிப் பார்க்கவில்லை. உங்கள் வேலைகளில் பெரும்பங்கு யாரும் காத்திருக்காத வகை என்றால், ஒரு டேபிள், நிலைக்கு ஒரு பத்தி, ஆளுக்கு ஒரு பத்தி போதும். ஒரே வேலையை இரண்டு பேர் எடுப்பதைத் தடுக்க, ஆள் பத்தி காலியாக இருந்தால் மட்டும் என் பெயரை எழுது என்று ஒரு அப்டேட். எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். ஒன்று வந்தால் வேலை உங்களுடையது, பூஜ்யம் வந்தால் வேறொருவர் முந்திவிட்டார். கெடு, எஸ்கலேஷன் (கெடு தாண்டினால் மேலதிகாரிக்குச் சொல்வது), வரலாறு, அனுமதி ஆகியவற்றையெல்லாம் நீங்களே எழுதத் தயாராக இருக்க வேண்டும்.

பாதி எஞ்சினிலும் பாதி சொந்த டேபிளிலும் வைப்பதைத்தான் நான் கடுமையாக எதிர்ப்பேன். நாங்கள் யார்டு பராமரிப்பு வேலைகளைக் கொஞ்ச காலம் அப்படி வைத்திருந்தோம். போனில் ஒரே பட்டியலாகக் காட்ட வேண்டும். கெடு வாரியாக வரிசைப்படுத்தி, பக்கத்துக்கு இருபது. இரண்டு இடத்திலிருந்து எடுத்துச் சேர்த்து வரிசைப்படுத்தினால் இரண்டாம் பக்கம் எங்கே தொடங்குவது? ஒரு வேலை இரண்டு பக்கத்திலும் வந்தது, இன்னொன்று எதிலும் வரவில்லை. விளக்கு எரியாத வேலைக்கெல்லாம் தனி டாஸ்க்கே போதும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். குறைகள் இருந்தாலும் ஒரே தேடலில் எல்லாம் வரும். அதோடு கமுண்டா 7-ஐ நம் ஸ்பிரிங் பயன்பாட்டுக்குள்ளேயே வைத்து, ஒரே டேட்டாபேஸ், ஒரே டிரான்சாக்ஷன் மேனேஜர் என்று அமைத்திருந்தால், நம் கோடு தோற்றால் உருவாக்கிய டாஸ்க்கும் சேர்ந்தே ரோல்பேக் ஆகும். எஞ்சின் வேறு சர்வரில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மறுமுயற்சியில் அதே வேலை இரண்டாவது முறை பிறக்காமல் இருக்க, வருகை எண்ணையும் வேலை வகையையும் சேர்த்து ஒரு யூனிக் கட்டுப்பாடு வைத்தாக வேண்டும்.

எந்த எஞ்சின் என்ற கேள்விக்கு வருவோம். ஆக்டிவிட்டி என்ற எஞ்சின் 2010-இல் வந்தது. அதிலிருந்து 2013-இல் கமுண்டாவும் 2016-இல் ஃப்ளோவபிளும் பிரிந்தன. அதனால்தான் மூன்றிலும் டாஸ்க் சர்வீஸ் ஒரே முகத்தோடு இருக்கிறது. கமுண்டா 7-இன் இலவசப் பதிப்பு 2025 அக்டோபரில் வந்த 7.24-உடன் நின்றுவிட்டது. கமுண்டா 7-இலிருந்து கிளைத்த ஆபரேட்டன், சிஐபி செவன் ஆகியவை ஓப்பன் சோர்ஸாகத் தொடர்கின்றன. கமுண்டா 8 முற்றிலும் வேறு எஞ்சின், 8.6 முதல் உற்பத்தியில் ஓட்ட உரிமம் வாங்க வேண்டும். அங்கே படத்துக்கு வெளியே தனி டாஸ்க் உருவாக்கும் வழி இல்லை. ஆனால் இடைமறிக்காத ஈவென்ட் சப்புராசஸும் மல்டி இன்ஸ்டன்ஸும் அங்கேயும் உண்டு. ஆரக்கிளின் எஸ்ஓஏ சூட் மென்பொருளை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களில் கதை வேறு. டாஸ்க் டெஃபினிஷனை ஜேடெவலப்பரில் முன்பே வடிவமைத்து டிப்ளாய் செய்திருக்க வேண்டும். பிறகு ஜாவாவிலிருந்து ஆப்ஜெக்ட் ஃபாக்டரியில் ஒரு டாஸ்க் எடுத்து, டெஃபினிஷன் ஐடியையும் எக்ஸ்எம்எல் பேலோடையும் கொடுத்து, இனிஷியேட் டாஸ்க் என்று அழைக்கலாம். எஸ்கலேஷன், ஒப்புதல் வரிசை எல்லாம் அந்த டெஃபினிஷனிலிருந்து வரும் என்பதால் வெற்று டாஸ்க்கைவிட அது கனமானது. ஆனால் உங்கள் புராசஸ் அதற்காகக் காத்திருக்க வேண்டுமென்றால் அந்த இணைப்பை அங்கேயும் நீங்கள்தான் போட வேண்டும்.

இப்போது நாங்கள் ஃப்ளோவபிளுக்கும் ஆபரேட்டனுக்கும் இடையில் நிற்கிறோம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளை அப்படியே எடுத்துப்போக ஆபரேட்டன் எளிது, டேபிள்கள் ஒன்றுதான். டாஸ்க் பில்டரில் ஃபார்ம் கீ வைக்க முடிவதும், ஓடும்போதே மல்டி இன்ஸ்டன்ஸில் சேர்க்க முடிவதும் ஃப்ளோவபிள் பக்கம் இழுக்கின்றன. என் ஓட்டு ஆபரேட்டனுக்கு. காத்திருக்கும் வேலைகள் எல்லாம் படத்துக்குள் வந்துவிட்டதால், தனி டாஸ்க்கின் வசதிகள் எங்களுக்கு முன்போல அவசியமாக இல்லை. அடுத்த வாரம் சோதனைச் சர்வரில் முதலில் ஓட்டப்போவது அந்தப் பழைய சம்பவத்தைத்தான்: கதவைத் திற, மூன்று வேலை சேர், ஒன்றை மட்டும் முடி, சர்வேயை முடி, கேட் அவுட் பிறக்கிறதா என்று பார்.